வண்டி ஒரு பக்கம் சாய்ந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போது படியுங்கள். இல்லாதவர்கள் ராத்திரி படுக்கும்போது படியுங்கள், நல்லா தூக்கம் வரும்.

போன வாரம் எங்கள் வேகன் ஆருக்குப் பின்பக்க ஸ்பிரிங் மாற்றியதைப் போட்டோவோடு போட்டிருந்தேன். அதற்குக் கீழே "டீச்சர், ஷாக் அப்சர்பர் மாத்தலையா?", "அத்தை, இந்தப் பழைய வண்டிக்கு ஏன் செலவு பண்றீங்க?" என்று ஏகப்பட்ட கேள்விகள். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2012 மாடல். ஓடியது 74,000 கிலோமீட்டர். நான் ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கு ஓட்டிப் போன வண்டி என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பயிற்சிக்காக மாதம் இரண்டு தடவை தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த கையின் பாரமே தோள்மூட்டைக் கீழே இழுக்கும். அதனால் முன்சீட்டில் ஒரு தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துத்தான் உட்கார வைப்பேன். வண்டி ஒரு குழியில் "டங்" என்று இறங்கினால் அந்த அதிர்ச்சி நேராகத் தோளுக்குத்தான் போகும். அவர் கத்த மாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். எனக்கு ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கும்.

ஆறு மாதமாக அந்த "டங்" கூடிக்கொண்டே வந்தது. வேகத்தடையில் பின்பக்கம் இறங்கும்போது இரும்பில் இரும்பு அடிக்கிற மாதிரி சத்தம். (இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏறி, நடுவில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது யாரோ ஒரு தென்னை மரத்தை அறுத்துக் குறுக்கே போட்ட மாதிரி இருக்கிறது. அதை விடுங்கள்.) இன்னொரு விஷயம், ராத்திரியில் லோ பீமில் போனாலும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். மூன்றாவதாக, எதிர்வீட்டுச் சின்னப் பையன் ஒருநாள் வாசலில் நின்று, "பாட்டி, உங்க கார் சாஞ்சு நிக்கி" என்றான். பார்த்தேன். நின்றது.

ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். ஒரு தம்பி வண்டியின் நாலு மூலையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நாலு ஷாக்கும் போச்சு மேடம்" என்றார். ஷாக் அப்சர்பர் நாலு, முன்பக்க மவுண்ட், லோயர் ஆர்ம் இரண்டு, கூலி, எல்லாம் சேர்த்து 23,600 ரூபாய். "எப்படிப் போச்சுன்னு காட்டுங்க தம்பி" என்றேன். "பழைய வண்டில்லா மேடம், எல்லாத்தையும் சேர்த்து மாத்திட்டா நிம்மதி" என்றார். வண்டி ஏன் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "சார் எப்பவும் அந்தப் பக்கம்தானே உட்கார்றாங்க, அதான்" என்றார். கடைசியாக, "வீட்ல பையன் இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார்.

மதிப்பீட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அந்தப் பட்டியலில் ஸ்பிரிங் என்ற வார்த்தையே இல்லை.

இங்கேதான் ஆறாம் வகுப்புப் பாடம் வருகிறது. சுருள்வில் தராசு ஞாபகம் இருக்கிறதா? கொக்கியில் கல் மாட்டினால் வில் நீளும், இரண்டு கல் மாட்டினால் இரண்டு பங்கு நீளும், எடுத்தால் பழைய இடத்துக்கே போகும். ராபர்ட் ஹூக் என்பவர் கண்ட விதி அது. யாரும் திருடிவிடக் கூடாதென்று 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். காரில் இருப்பதும் அதே வில்தான், இங்கே நீளுவதற்குப் பதில் அமுங்குகிறது. வண்டியின் பாரம் முழுவதும் நிற்பது நாலு சுருள்வில் மேல்.

அப்படியானால் ஷாக் அப்சர்பர் என்ன செய்கிறது? அது பாரம் தாங்குவதில்லை. அமுங்கிய வில் துள்ளித் துள்ளி ஆடாமல் அடக்குகிறது. உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், அதில் சின்னத் துளைகள். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்ப்பு தெரியும். கேஸ் அடைத்த வகை லேசாக மேலே தள்ளும்தான், ஆனால் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சாய்ந்ததற்கு அதைக் குற்றவாளி ஆக்க முடியாது. சுருக்கமாக, வண்டி தாழ்ந்தால் வில்லைப் பார், வண்டி ஆடினால் ஷாக்கைப் பார். நாலு ஷாக்கையும் மாற்றியிருந்தால் 23,600 ரூபாயும் போய், வண்டி அப்படியே சாய்ந்துதான் நின்றிருக்கும்.

இது என் ஊகம்தான். ஊகத்தை வைத்து ஒருவரைத் தப்பு சொல்லக் கூடாது. அளந்து பார்க்க முடிவு செய்தேன்.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். எங்கள் வாசல் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது. அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தின் சிமெண்ட் தரை உண்டு. காவலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். முகூர்த்தம் இல்லாத நாளில் வரச் சொன்னார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப்பை இரவல் வாங்கி, நாலு சக்கரம் நிற்கிற இடத்திலும் மட்டம் பார்த்தேன். டயர் காற்றைக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்குச் சரி செய்தேன். டிக்கியில் கிடந்த குடை, கயிறு, பழைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டு, தானாக ஓர் இடத்தில் நிற்க விட்டேன்.

எங்கிருந்து எங்கே அளப்பது? தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் சக்கரத்தின் நட்டநடு மையத்திலிருந்து நேர் மேலே, சக்கர வளைவின் விளிம்பு வரை. ஒவ்வொரு மூலைக்கும் மூன்று தடவை. டேப்பை நான் பிடித்தேன், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வீட்டுக்காரர் வலது கையால் எழுதினார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை, எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும்.

முன் இடது 365 மி.மீ., முன் வலது 364. பின் வலது 350. பின் இடது 336.

பிறகு வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் தலைகீழாக நிறுத்தி மறுபடி அளந்தேன். தராசு சரியா என்று பார்க்கத் தட்டுகளை மாற்றிப் போடச் சொல்வேனே, அதேதான். தரையில் கோணல் இருந்தால் இப்போது வித்தியாசம் பக்கம் மாறும். மாறவில்லை. சக்கர வளைவின் தகடே எப்போதாவது நெளிந்து எடுத்ததாக இருக்கலாம் என்று, ஜாக்கி வைக்கும் அடிவிளிம்பின் உயரத்தையும் பார்த்தேன். அதுவும் பின் இடதில்தான் தாழ்வு. வித்தியாசம் 14 மி.மீ. இரண்டு பக்கத்துக்கும் ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய வண்டியில் சகஜம், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் காரணம் தேடணும் என்பது பின்னால் மெக்கானிக் சொன்ன கணக்கு.

"சார் உட்கார்றதால்தான்" என்ற வாதத்தையும் சும்மா விடவில்லை. அவர் உட்காருவது முன் இடது. அந்த மூலையில்தான் குறையே இல்லை! இருந்தாலும் அவரை உட்கார வைத்து அளந்தேன், இறக்கிவிட்டு அளந்தேன். உட்கார்ந்தபோது தாழ்ந்தது, இறங்கியதும் மறுபடி 365. "என் பேர்ல இருந்த வழக்கு தள்ளுபடியா?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவராகச் செய்த கேலி அது.

கடைசியாக ஒரு சோதனை. 26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை டிக்கியில் ஏற்றினேன். பின் வலது 350-லிருந்து 335. பின் இடது 336-லிருந்து 321. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 15 மி.மீ. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடது வில் "மெலிந்து" போயிருந்தால் அதே பாரத்துக்குக் கூடுதலாக அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கவில்லை. யோசித்தால் நியாயம்தான். வயசானாலும் எஃகின் விறைப்பு மாறாது, அதன் உயரம்தான் குறையும். அப்படியானால் இடது வில்லின் பலம் இருக்கிறது, நீளத்தில் மட்டும் ஒரு துண்டு காணவில்லை.

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவரின் பட்டறைக்குப் போனேன். பெயர் போட்டால் கோபப்படுவார். பள்ளியில் பரீட்சை என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பையன். நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். "டீச்சர், இதை யாரு எழுதினது? இப்படி எழுதிக் கொண்டுவந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். பிறகு, "ஸ்பிரிங்கோட கடைசிச் சுத்து ஒடிஞ்சிருக்கும், பாத்துக்கிடுங்க" என்றார், வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே.

ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகுதான் கீழே குனிந்தார். (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டாதீர்கள். இது ஆணை.) பின் இடது வில் உட்காரும் கிண்ணத்தில் காய்ந்த சேறு. அதைக் குத்தி எடுத்தபோது, கட்டை விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு சேற்றோடு வந்து விழுந்தது. வில்லின் கடைசிச் சுற்றின் நுனி. ஒடிந்த முகத்தில் பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு. துருப்பிடித்த ஓரத்தில் எப்போதோ கீறல் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மீதி ஒருநாள் பட்டென்று ஒடிந்திருக்கிறது. அந்த ஒடிந்த நுனி கிண்ணத்தில் அடிக்கிற சத்தம்தான் எங்கள் "டங்".

சேறு எங்கிருந்து வந்தது என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, வண்டி அரைச் சக்கரம் மூழ்கி நின்றது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டோம். வில்லின் அடிக்கிண்ணத்தில் தங்கிய சேற்றை யார் கழுவினார்கள்? உப்பளத்துக் காற்று சும்மாவே இரும்பைத் தின்னும் ஊர் இது. உங்கள் வண்டியும் அந்த வெள்ளத்தில் நின்றதென்றால், ஒரு தடவை பின்சக்கரத்துப் பக்கம் தூக்கி அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.

இனி எதை மாற்றுவது? இதில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாதம் நடந்தது.

இடது வில்லை மட்டும் மாற்றினால் போதுமே என்றேன். அவர் தலையாட்டவில்லை. வலது வில்லும் அத்தனை வருஷம் பாரம் சுமந்து கொஞ்சம் படிந்திருக்கும், புதுசும் பழசும் ஒத்துப் போகாது, வண்டி அந்தப் பக்கம் சாயும் என்றார். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சரி.

பின் ஷாக்கையும் கையோடு மாற்றலாமா? ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டுப் பார்த்தோம். மேலே வந்து, ஒரு தடவை தாழ்ந்து, நின்றுவிட்டது. போன ஷாக் என்றால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். உடம்பில் எண்ணெய் வழிந்த தடம் இல்லை, லேசான தூசிப் படலம்தான். எங்கள் வண்டியில் பின்பக்கம் வில் தனி, ஷாக் தனி. நாளைக்கு ஷாக் போனால் வில்லைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் இப்போது வேண்டாம். முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே வில்லும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றைக் கழற்ற இன்னொன்றையும் கழற்ற வேண்டும், கூலி ஒன்றுதான். முன்பக்கம் திறக்கிற நாள் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே மிச்சம். அந்த அமுங்கிய முன் வில்லைக் கழற்றுவது ஆபத்தான வேலை, அதற்கென்று இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத இடத்தில் விடாதீர்கள்.

முன்பக்கம் ஜல்லி ரோட்டில் வந்த "கடகட" வேறு சத்தம். லிங்க் ராடின் மூட்டு தளர்ந்திருந்தது, கையால் ஆட்டினாலே ஆடியது. அதை இரண்டு பக்கமும் மாற்றினோம். லோயர் ஆர்ம் தொடவில்லை.

இடையில் சென்னையிலிருந்து என் தம்பி மகன் ரப்பர் பஃபர் ஒரு ஜோடி அனுப்பி வைத்தான். வில்லின் சுற்றுகளுக்கு நடுவில் செருகினால் வண்டி தூக்கி நிற்குமாம். பாசத்தோடு அனுப்பியது. ஆனால் ஒடிந்த வில்லில் அதைச் செருகினால் உயரம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், ஒடிசல் உள்ளேயே இருக்கும். டேப்பில் அளந்தாலும் பிடிபடாது. திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம் வேண்டாம் கண்ணா, அடுத்த தடவை முறுக்கு அனுப்பு.

வில் இரண்டு, அடி ரப்பர் இரண்டு, லிங்க் ராடு இரண்டு, வீல் அலைன்மென்ட், கூலி. மொத்தம் 7,850 ரூபாய். கூலியே வேண்டாம் என்று அடம்பிடித்தார். வாங்காவிட்டால் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போவேன் என்றேன். வாங்கினார்.

மாட்டியதும் அளந்தோம். பின் இடது 357, வலது 356. பழைய வலது 350 அல்லவா? அதுவும் படிந்திருந்தது என்று அவர் சொன்னது சரிதான். போன வாரம், மாற்றி ஒரு மாதம் ஆன பிறகு, அதே மண்டபத்துத் தரையில் இரண்டும் 354. புது வில் முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் படியும், அதற்காகப் பயப்படக் கூடாது.

எதிரே வருகிறவர்கள் ஏன் லைட் அடித்தார்கள் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பழைய இரண்டு பக்கமும் சராசரி 343, இப்போது 354. பின்பக்கம் 11 மி.மீ. தாழ்ந்திருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2,400 மி.மீ. வடிவொத்த முக்கோணம் போடுங்கள். 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 23 செ.மீ. மேலே ஏறியிருக்கும். பாவம், எத்தனை பேர் கண்ணைக் கூசவைத்தேனோ. இப்போது யாரும் லைட் அடிப்பதில்லை.

"பழைய வண்டிக்கு ஏன் செலவு" என்று கேட்ட சொந்தங்களுக்கு. 2027-ல் 15 வருஷம் முடிகிறது. தகுதிச் சான்று வாங்கிப் பதிவைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். இன்ஜின் நன்றாக இருக்கிறது. இந்த வண்டியின் சீட் உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறது, குனியாமல் இடுப்பைத் திருப்பி உட்காருகிறார், கதவுக் கைப்பிடி எங்கே என்று வலது கைக்குப் பழகிவிட்டது. புது வண்டியில் அதையெல்லாம் முதலிலிருந்து பழக வேண்டும். 7,850 ரூபாய்க்கு அது கிடைக்கிறது. இதுவே தளம் துருப்பிடித்து வில் உட்காரும் இடமே ஓட்டையாகியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போட்டிருக்க மாட்டேன். அதையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தோம்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு பாளையங்கோட்டைக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. வாகைக்குளம் தாண்டும்போது பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், கண் மூடித்தான் இருந்தது. இறுக்கி அல்ல, தூக்கத்தில்.

நாலு மூலை அளவையும் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறோம். முன் இடது லோயர் ஆர்ம் புஷ்ஷில் மட்டும் மயிரிழை வெடிப்பு இருக்கிறது, இன்னும் 5,000 கிலோமீட்டர் ஓடட்டும், மறுபடி பார்க்கலாம் என்று மெக்கானிக் தம்பி சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.